ஒத்தப் பீஸ்

குவாங்சோவுக்குப் புதுசா வர்ற நம்ம ஊர் ஆளுங்க எங்கிட்டதான் கேப்பாங்க, அண்ணாச்சி, அங்கன போனா எதை எங்க வாங்கணும்னு. நானும் மூச்சு விடாமச் சொல்லுவேன். கிளிப்பு, ரப்பர் பேண்டு, பொம்மை எல்லாம் ஈதே ரோட்டுப் பக்கம் போ, தரைத்தளத்துல விலையே கேக்காத, மேல ஏறு, ஏற ஏற விலை எறங்கும். ரெடிமேடுன்னா விடியுமுன்ன போகணும், மத்தியானம் ஷட்டரை இழுத்துட்டுத் தூங்கப் போயிருவான். பேக்கு, பெல்ட்டு ரயில்வே ஸ்டேஷன் பக்கம். வீட்டுப் பொம்பளைங்களுக்கு எதாச்சும் வாங்கணும்னா பெய்ஜிங் ரோடு, விலை கூடத்தான், ஆனா கண்ணுக்கு நல்லாருக்கும். அவன் கால்குலேட்டர்ல ஒரு விலை அடிச்சா நீ சிரிச்சுக்கிட்டே பாதியை அடி, கோவப்படாத, அவனும் கோவப்படமாட்டான். ஊருக்கெல்லாம் வழி சொன்ன தூத்துக்குடி ராஜமணி இன்னைக்கு மெட்ரோ ஸ்டேஷன்ல, சுவத்துல இருக்க மேப்பைப் பாத்து முழிச்சுக்கிட்டு நிக்கேன். எனக்கு ஒரு சேலை வேணும். ஒரே ஒரு சேலை. இவ்வளவு பெரிய ஊர்ல, உலகத்துக்கே துணி அனுப்புற ஊர்ல, அது எங்க கிடைக்கும்னு எனக்குத் தெரியல. காலையில தமயந்திதான் போன்ல சொன்னா, வரும்போது அங்கனயே ஒரு சேலை எடுத்துருங்க, ஏர்போர்ட்லேருந்து நேரா அத்தான் வீட்டுக்குப் போக வேண்டியிருக்கும், நடுவுல கடை தேடிட்டு நிக்க முடியாதுன்னு. என் பொண்டாட்டி எதையும் முன்கூட்டியே யோசிச்சு வெக்கிறவ. அது நல்ல குணம்தான். ஆனா எனக்கு அப்படியே போனைத் தூக்கி எறியணும்போல இருந்துச்சு. எதுக்குச் சேலைன்னு நான் கேக்கல. அவளும் சொல்லல. பொறந்த வீட்டுக் கோடித்துணின்னு அவ வாயால வரல, வந்திருந்தா நான் என்ன பேசியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அக்கா உசுரோட இருக்கா. சொர்ணக்கா உசுரோட ஆஸ்பத்திரியில படுத்திருக்கா. உசுரோட இருக்கவளுக்கு யாராச்சும் கோடி எடுப்பாங்களா.

உசுரோடதான் இருக்காளான்னு கேட்டா, அதையும் அடிச்சுச் சொல்ல முடியல. முந்தாநாள் மாடியில துணி காயப்போட்டுட்டிருந்தவ அப்படியே உக்காந்திருக்கா, உக்காந்தவ சாஞ்சுட்டா. இன்னைக்குக் காலையில நான் பல்லு வெளக்கிட்டிருக்கும்போது அக்கா வீட்டுக்காரரு, வேலாயுத அத்தான் கூப்பிட்டாரு. அவரு எப்பவும் போன்ல கத்திப் பேசுற மனுசன், தூத்துக்குடியிலேருந்து கத்துனாதான் சீனாவுக்குக் கேக்கும்னு நெனைப்பு. இன்னைக்குக் கத்தல. “ராஜமணி, டாக்டர் சொல்லிட்டாருப்பா. மூளையில ஒண்ணுமே இல்லையாம். மெஷின்தான் மூச்சு விடுதாம். கழட்டிரலாமான்னு கேக்காரு.” நான் பேஸ்ட் நுரையை வாயில வெச்சுக்கிட்டு நிக்கேன். “நான் ஒத்தையில சொல்லமாட்டேன்ப்பா. பிள்ளை குட்டி இருந்தாலாவது அதுககிட்ட கேக்கலாம். பொறந்த வீட்டுல நீ ஒருத்தன்தான் இருக்க. நீ வந்து முகம் பாக்குற வரைக்கும் வெச்சிருக்கச் சொல்லட்டா? வெச்சிருக்கலாமாம், ஆனா நெஞ்செல்லாம் நீர் கோத்துக்கிட்டு வருதாம், அடிக்கடி குழாயை விட்டு உறிஞ்சி எடுக்காங்க. அதை என்னால நின்னு பாக்க முடியல. நீ ஒரு வார்த்தை சொல்லு. சாயந்தரத்துக்குள்ள சொல்லச் சொல்லுதாரு.” அதுக்கு நான் என்ன சொன்னேன் தெரியுமா. “கடைக்குக் கெளம்பிட்டேன் அத்தான், போயிட்டுக் கூப்பிடுதேன்.” எந்த மனுசனாவது இப்படிச் சொல்லுவானா. அத்தானும் சரிப்பான்னு வெச்சுட்டாரு. கொழும்பு வழியா ராத்திரி பிளேனுக்கு டிக்கெட் போட்டாச்சு, அதுக்கு முந்தி ஒண்ணுமில்ல. அதுவரைக்கும் இந்தப் பகல் பூரா என் தலையில விழுந்து கெடக்கு. சட்டைப் பையில போன் இருக்கு. அது அடிக்கல, நான்தான் அடிக்கணும். ஒரு வார்த்தை. ஆமான்னு ஒரு வார்த்தை, இல்லைன்னா வெச்சிருங்கன்னு ஒரு வார்த்தை. சரி, மொதல்ல சேலையைப் பாப்போம், அப்புறம் கூப்பிடலாம், சேலை ஒண்ணும் அவசரமில்ல, ஆனா பாப்போம்.

சோங்டா துணி மார்க்கெட்டுக்குப் போனேன். இதுக்குள்ள நொழைஞ்சா ஒரு ஊரையே சுத்தி வந்த மாதிரி. எங்க பாத்தாலும் ரோல் ரோலா துணி நிக்கி, சாத்தி வெச்ச மரக்கட்டைக கணக்கா. நம்ம நாட்டுக்குப் பாலியஸ்டர் சேலைத் துணி அனுப்புற கடைங்க சிலது இருக்குன்னு எனக்குத் தெரியும். போனேன். இருபது வயசு இருக்கும், ஒரு பொண்ணு, கஞ்சியோ நூடுல்ஸோ சாப்பிட்டுட்டிருந்தவ டப்பாவை மூடிட்டு எந்திரிச்சா. தலகாணி தண்டிக்கு சாம்பிள் புக்கைத் தூக்கிப் போட்டா. ஒவ்வொரு பக்கத்துலயும் உள்ளங்கை அகலத்துக்குத் துணி வெட்டி ஒட்டியிருக்கு. நான் பொரட்டுதேன். ரோசு, மயில்கழுத்து, மாம்பழ மஞ்சள், எல்லாம் உள்ளங்கை அகலம்தான். ஒரு விரலைக் காட்டி, ஒன் பீஸ், ஒன்லி ஒன்னுன்னு சொன்னேன். அவ ஒரு ரோலைக் காட்டுனா. இல்லம்மா, ஒரு சேலை, உடுத்துறதுக்கு, இப்படின்னு என் தோள்ல முந்தானை போட்டுக் காமிச்சேன். அவளுக்குச் சிரிப்பு வந்துருச்சு, கையால வாயைப் பொத்திக்கிட்டா. நல்ல பொண்ணு. கால்குலேட்டரை எடுத்து எவ்வளவு எடுத்தா தருவேன்னு அடிச்சுக் காமிச்சா, ஒரு தெருவுக்கே சேலை கட்டிவிடலாம் அதுல. எனக்கு அப்ப ஒரு நெனைப்பு வந்துச்சு, சொன்னா பைத்தியம்னுதான் சொல்லுவீங்க. அவ்வளவையும் எடுத்துருவோமா? மொத்தமா எடுத்தா அது வியாபாரம். வியாபாரத்துக்கு எடுத்த சரக்கு எப்படிக் கோடியாகும்? ஒத்தச் சேலைதான் ஆகாது. ஒத்தையில எடுத்தா எடுக்கும்போதே முடிஞ்சு போச்சுன்னு அர்த்தம். சரக்கா எடுத்து, கடையில அடுக்கி, அக்கா எந்திரிச்சு வந்து, என்னல இவ்வளவு சேலையை வாங்கிக் குமிச்சிருக்க, கிளிப்பு விக்கிற கடையில சேலையை எவ வாங்குவான்னு திட்டி. அவ திட்டுவா. திட்டுனா நல்லாருக்கும். அந்தப் பொண்ணு நான் பேசுவேன்னு பாத்துக்கிட்டே நிக்கா. நான் புக்கை மூடிட்டு வந்துட்டேன்.

பெய்ஜிங் ரோட்டுல நல்ல கூட்டம். பள்ளிக்கூடப் பிள்ளைக ஐஸ் சப்பிக்கிட்டுப் போகுது. இங்கன ஒத்தப் பீஸ் தருவான், ஆனா சேலை ஏது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பொம்மைங்களுக்குக் கோட்டு மாட்டி நிக்க வெச்சிருக்கான், பாதிப் பொம்மைக்குத் தலையே இல்ல. ஒரு கடையில உள்ள போயி ஏசியில நின்னேன். நின்னதும் ஐசியு ஞாபகம் வந்து வெளிய வந்துட்டேன். அக்கா ஒரு தடவைகூட எங்கிட்ட, சீனாவுலேருந்து இதை வாங்கிட்டு வான்னு கேட்டதில்ல. கேக்காட்டாலும் நான் எதாச்சும் கொண்டு போவேன். ஏல, இந்தக் கிளிப்பை அவன் ஊர்ப் பொம்பளை போடுதாளான்னு பாத்தியா, அவளுவ ஷோக்கா தலையை விரிச்சுப் போட்டுட்டு அலையுதாளுவ, நாம இதை மாட்டிக்கிட்டு முடியைப் பிச்சுக்கிட்டு நிக்கோம்னு அக்கா சொல்லிக்கிட்டே மாட்டிப் பாப்பா. அவ வாய்க்கு எங்க தெருவே பயப்படும். மீன்காரி எங்கக்கா வீட்டு வாசல்ல கூடையை எறக்குனா, எழுந்திரிக்கும்போது வெறுங்கூடையாத்தான் தூக்குவா, அரைமணி நேரம் சண்டை போட்டுட்டு மிச்சத்தையும் அக்காவே வாங்கிட்டுக் கொழம்பு வெச்சு அக்கம்பக்கம் பூரா குடுப்பா. இப்படி எல்லாத்தையும் பேசுனவ இதைப் பத்தி மட்டும் ஒண்ணும் பேசி வெக்கலையே. நான் காலையிலேருந்து தொழாவிப் பாக்கேன், எப்பவாச்சும் எதாச்சும் சொல்லியிருக்காளா, எனக்கு இப்படி ஆச்சுன்னா இப்படிச் செய்யுங்கன்னு. எங்க பேசுனோம். அப்பா போனப்பவும் அம்மா போனப்பவும் எல்லாருக்கும் காப்பி போட்டுக் குடுக்கிற வேலையில அவ இருந்தா. தொழாவத் தொழாவ என்னென்னவோதான் வருது. எனக்குப் பால்பல்லு ஆடிக்கிட்டு விழாமக் கெடந்தப்ப, தையல் நூலைக் கட்டி, மூணு எண்ணுனதும் இழுப்பேன், வாயைத் தொறன்னு சொல்லிட்டு ஒண்ணுன்னதும் இழுத்துட்டா. ரத்தத்தோட நான் அழுதுக்கிட்டே அவளை அடிச்சேன். அடிக்க அடிக்கச் சிரிச்சா. அதை ஏன் இப்ப நெனைக்கேன். பல்லும் உசுரும் ஒண்ணா. வெச்சிருக்கச் சொல்லிருவோம். நாளை மத்தியானம் நான் போயிருவேன், கையைப் பிடிப்பேன், கை சூடா இருக்கும். சூடு மெஷினோடது இல்லைல்ல, சூடு அவளோடதுதானே. அதுவரைக்கும் உறிஞ்சி எடுக்காங்களாமே. குழாயை விட்டு. எத்தனை தடவைன்னு அத்தான் சொல்லல, நானும் கேக்கல.

கால் போன போக்குல பழைய ஊர்ப் பக்கம் வந்துருக்கேன். ஒடுக்கமான தெரு, மேல பால்கனிக்குப் பால்கனி துணி காயுது. பக்கத்துல ஏதோ பெரிய ஆஸ்பத்திரி, எந்த ஊரா இருந்தா என்ன, அந்த வாடை ஒண்ணுதான். பழக்கடை, பார்சல் சாப்பாட்டுக் கடை, வீல் சேர் விக்கிற கடை. அதுக்கு அடுத்தாப்ல ஒரு கடையில பட்டு. நெசமாத்தான், பட்டு. மெரூன்லயும் கருநீலத்துலயும் அங்கி அங்கியாத் தொங்குது, மேல தங்க நூல்ல பூவும் கொக்கும் வேலைப்பாடு, வட்டம் வட்டமா ஏதோ எழுத்து. கல்யாணப் பொண்ணுக்கு உள்ளதுபோலன்னு நெனைச்சேன். என்ன அதிசயம்னா, ஹலோ மை பிரெண்டுன்னு யாரும் கையைப் பிடிச்சு இழுக்கல. அம்பது வயசு இருக்கும், கண்ணாடி போட்ட ஒரு அம்மா, உள்ள உக்காந்து ஆரஞ்சு உரிச்சுக்கிட்டிருந்தாங்க. என்னையப் பாத்ததும் மெதுவா எந்திரிச்சு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாங்க. காகித கிளாஸ்ல சுடுதண்ணி குடுத்தாங்க. இத்தனை வருசமா வாரேன், ஒரு கடையிலயும் எனக்கு இந்த மரியாதை நடந்ததில்ல. குடிச்சேன். தொண்டைக்கு எதமா இருந்துச்சு. ஒரு விரலைக் காட்டி ஒன் பீஸ்னு கேட்டேன், தலையை ஆட்டுனாங்க. ஒண்ணு தருவாங்களாம். எனக்கு அழுகையே வந்துருச்சு. அங்கி வேண்டாம், அடுக்கி வெச்சிருக்க போர்வை போதும், பட்டுப் போர்வை. அக்காவுக்கு ஐசியுல குளிரும், ஆஸ்பத்திரிப் போர்வை சல்லடை மாதிரி இருக்கும், இதைப் போத்திவிடலாம். இது கோடி இல்ல. சேலையே இல்ல. உசுரோட இருக்கவளுக்குக் குளிருக்கு ஒரு போர்வை, தம்பி வாங்குறான், அவ்வளவுதான். காலையிலேருந்து ஏறிக்கிட்டிருந்த பாரம் கொஞ்சம் எறங்குன மாதிரி இருந்துச்சு. மெரூன்ல ஒண்ணு, கருநீலத்துல ஒண்ணு, ரெண்டையும் மடியில போட்டுத் தடவிப் பாத்துக்கிட்டிருந்தேன். பக்கத்துத் தட்டுல துணிச் செருப்பு இருந்துச்சு, சின்னச் சின்னதா. ஒண்ணை எடுத்துத் திருப்புனேன், வியாபாரி புத்தி, எதையும் அடியைப் பாத்துதான் வாங்கணும். அடியில தாமரைப் பூ. செருப்புக்கு அடியில, தரையில படுற எடத்துல, இதழ் இதழா ரோசு நூல்ல அவ்வளவு நேர்த்தியா தாமரை. கிறுக்குப் பயலுவன்னு நெனைச்சேன். ஒரு நடை நடந்தா நூல் பூரா பிஞ்சு போகுமே, இதை எவன் மிதிப்பான்.

அந்தம்மா போன்ல மொழி மாத்துற ஆப்பைத் தொறந்து காமிச்சாங்க, நான் தமிழைத் தொட்டேன். அதுல எதோ பேசி என் பக்கம் நீட்டுனாங்க. தமிழ்ல வந்துச்சு, செய்தி வாசிக்கிற மாதிரி ஒரு பொம்பளைக் குரல். “இது யாருக்கு?” அக்காவுக்குன்னு சொன்னேன். அதைக் கேட்டுட்டுத் திரும்பவும் பேசுனாங்க. “உங்கள் அக்கா சென்றுவிட்டாரா, அல்லது நீங்கள் தயார் செய்து வைக்கிறீர்களா?” எனக்கு மொதல்ல வெளங்கல. எங்க சென்றுவிட்டாரான்னு வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திட்டேன். கையில அந்தச் செருப்பு இருக்கு. அடியில பூ போட்ட செருப்பு. நடக்கிறவளுக்கு இல்ல இது, நாலு பேர் தூக்கிட்டுப் போறவளுக்கு. ஆஸ்பத்திரியை ஒட்டி இந்தக் கடையை ஏன் வெச்சிருக்கான், ஏன் யாரும் வாங்க வாங்கன்னு கூப்பிடல, ஏன் பட்டுத்துணியை ஒத்தப் பீஸாத் தர்றான், எல்லாம் ஒண்ணா வந்து நெஞ்சுல மோதுச்சு. இத்தனை வருசம் இந்த ஊர்ல எங்க என்ன வாங்கணும்னு எல்லாருக்கும் சொன்னேனே, இப்படி ஒரு கடை இருக்குன்னு எனக்குத் தெரியாமப் போச்சே. கோடியே வேண்டாம்னு ஓடி ஓடி, கடைசியில நேரா இங்கன வந்து உக்காந்து சுடுதண்ணி குடிச்சிருக்கேன். போர்வையை மடியிலேருந்து தள்ளிவிட்டேன். “உசுரோட இருக்கா,” அப்படின்னேன். சத்தமாத்தான் சொல்லிட்டேன்போல, தெருவுல போன ஒருத்தர் திரும்பிப் பாத்தாரு. “எங்கக்கா உசுரோட இருக்கா.” போன் அதைச் சீனத்துல சொல்லுச்சு, அதே செய்திக் குரல்ல, எந்த அழுகையும் இல்லாம.

அந்தம்மா பதறல. கீழ விழுந்த போர்வையை எடுத்துத் தூசி தட்டி மேசையில வெச்சாங்க. எங்கிட்ட ரெண்டு சுளை ஆரஞ்சு குடுத்தாங்க. அப்புறம் போன்ல கொஞ்ச நேரம் பேசுனாங்க, அது சொல்லுச்சு. “உயிருடன் இருப்பவர்களுக்குத்தான் நாங்கள் முதலில் வாங்குவோம். இதை நீண்ட ஆயுளின் உடை என்று அழைக்கிறோம். முன்னதாக வாங்கி வைத்தால் ஆயுள் கூடும். என் அம்மா தானே வந்து தன்னுடையதைத் தேர்ந்தெடுத்தார். ஒவ்வொரு கோடையிலும் வெயிலில் காயவைத்து மடித்து வைக்கிறார்.” நாம வாயில சொல்லவே பயப்படுறதை இவங்க வெயில்ல காயப்போடுதாங்க. சுளை கையில நசுங்கிச் சாறு ஒழுகுது. நான் போனைப் பாத்துக் கேட்டேன், கொஞ்ச நாள் இல்ல, நாளை வரைக்கும்தான், என்னைப் பாக்குற வரைக்கும்தான் வெச்சிருக்கணும்னு நெனைக்கேன், அது தப்பான்னு. அது அவங்களுக்கு எப்படிப் போய்ச் சேந்துச்சோ தெரியல. என்னையவே பாத்துக்கிட்டிருந்துட்டு மறுபடியும் அதே கேள்வியைத்தான் கேட்டாங்க. “இது யாருக்கு?” போர்வையைத்தான் கேட்டாங்க. எனக்குப் போர்வையைக் கேட்ட மாதிரி இல்ல. அக்கா என்னைப் பாக்க மாட்டா. கண்ணைத் தொறக்க மாட்டா. நான்தான் பாக்கணும், நான்தான் தொடணும், ஒருநாள் தள்ளிப் போட்டா ஒருநாள் எனக்கு அக்கா இருப்பா. அந்த ஒரு நாளுக்காக அவ நெஞ்சுல குழாய் போயிட்டுப் போயிட்டு வரணும். யாருக்கு. எனக்குத்தான். பொறந்ததுலேருந்து எல்லாத்தையும் எனக்குன்னே கேட்டு வாங்கியிருக்கேன் அவகிட்ட, இதையும் கேக்கேன்.

அத்தானைக் கூப்பிட்டேன். ஒரே ரிங்ல எடுத்துட்டாரு, கையிலயே வெச்சிருந்திருப்பாரு பாவம். “அத்தான், எனக்காக வெச்சிருக்க வேண்டாம். டாக்டர்கிட்ட சொல்லிருங்க.” அத்தான் கேட்டாரு, “நீ நல்லா யோசிச்சுத்தான் சொல்லுதியாப்பா?” ஆமான்னேன். “நீ வர்றதுக்குள்ள...” வந்துருவேன், கோடி எங்கிட்ட இருக்கும், நான் வந்துதான் போத்துவேன், அதுவரைக்கும் வீட்டுலேருந்து எடுத்துறாதீங்கன்னு சொன்னேன். கோடின்னு என் வாயாலயே சொல்லிட்டேன். அந்தம்மா மேசைக்கு அந்தப் பக்கம் எதையோ அடுக்குற மாதிரி மூஞ்சியைத் திருப்பிக்கிட்டாங்க. அத்தான் மூக்கை உறிஞ்சுனாரு. “ராஜமணி, நான் உள்ளதான் நிக்கேன், விட்டிருக்காங்க. அவ காதுல போனை வெக்கட்டா? கேக்காதுன்னுதான் சொல்லுதாங்க. இருந்தாலும் எதாச்சும் பேசுதியா?” வேண்டாம் அத்தான்னு சொல்லுறதுக்குள்ள அவ காதுல வெச்சுட்டாரு. உஸ்ஸுன்னு ஒரு சத்தம், அப்புறம் ஒரு டக்கு, திரும்பவும் உஸ்ஸு. அதுதான் அந்த மெஷின். காலையிலேருந்து மனசுக்குள்ள எவ்வளவு பேசுனேன், ஒண்ணு வரல. என்னத்தைச் சொல்ல. போயிட்டு வான்னா? மன்னிச்சுருன்னா? அப்படியெல்லாம் நாங்க பேசிக்கிட்டதே இல்ல, பேசுனா அவளுக்கு என்னமோ ஏதோன்னு பயம் வந்துரும். மேசையில ரெண்டு போர்வையும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு, அந்தம்மா விரிச்சு வெச்சிருந்தாங்க. “அக்கா, ராஜமணி பேசுதேன். கடையில நிக்கேன். நல்ல பட்டுக்கா, தொட்டா வழுக்கிட்டுப் போகுது. மெரூன்ல ஒண்ணு இருக்கு, பூப்போட்டது. கருநீலத்துல ஒண்ணு இருக்கு, கொக்கு போட்டது. உனக்கு எதுக்கா வேணும்?” உஸ்ஸுன்னு காத்து உள்ள போச்சு, வெளிய வந்துச்சு. நான் பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னேன்.